முப்பத்தெட்டு பைட்

எங்கள் ஆபீஸ் லாபியில் நான்கு முகங்களைச் சுவரில் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறார்கள். வீடியோ கேம் உலகின் முன்னோடிப் புரோகிராமர்களாம். மூன்று பேர் வெளிநாட்டுக்காரர்கள். நான்காவது ஆள் நம்மூர்க்காரர். அந்த நான்காவது முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஒரு மணி நேரம் கம்பெனி காரில் உட்கார்ந்து வந்த எரிச்சல் வேறு. அட்டையைக் காட்டிக் கதவு திறந்ததும் தலையைக் குனிந்துகொண்டு லிஃப்டுக்குப் போய்விடுவேன்.

கேண்டீனிலும் நிம்மதி கிடையாது. இட்லிக்கு நிற்கும் வரிசையில்கூட ஒப்பீடு நடக்கும். ஒருவர் முழு விளையாட்டையும் தனியாளாக எழுதினார், வேறு யாரும் ஒரு வரியைக்கூடத் தொடவில்லை, அவர்தான் பெரியவர் என்பான் ஒருவன். இன்னொருவர் ஒரு தலைமுறைக்கே வழி காட்டினார், அவருக்கு முன்னால் இவர் எம்மாத்திரம் என்பாள் ஒருத்தி. பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவார்கள். நான் தட்டைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போவேன். இரண்டு பேரை ஒப்பிட வேண்டுமென்றால் முதலில் இரண்டு பேரின் பெயரும் தெரிந்திருக்க வேண்டும். பேட்டி கொடுக்கத் தெரிந்தவர், தொழிலை விடாமல் இருந்தவர், போட்டோவில் நன்றாக விழுகிறவர், இவர்கள்தான் முன்னோடிகள். மற்றவர்கள் எல்லாம் அந்தக் காலத்தில் சட்னியா அரைத்துக்கொண்டிருந்தார்கள்?

இந்தக் கோபத்துக்குக் காரணம் அக்கா. சொந்த அக்கா இல்லை. இருபது வருடத்துக்கு முன், என் முதல் வேலையில், பக்கத்து நாற்காலியில் இருந்தவள். ஆஸ்டின் டவுன்காரி. என்னைவிட நான்கு வயது பெரியவள். நான் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து இறங்கி, பஸ் பிடித்து, தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்த ஆபீஸுக்குள் வியர்க்க விறுவிறுக்க நுழைவேன். அவள் தன் டிபன் டப்பாவைத் திறந்து பாதியை என் பக்கம் தள்ளுவாள். அப்படித்தான் அக்கா ஆனாள்.

அந்த ஆபீஸில் மொத்தம் ஐந்து பேர். பட்டன் வைத்த ஃபோன்களுக்கு விளையாட்டு எழுதினோம். எங்களில் ஒருவர்தான் இன்று லாபிச் சுவரில் சிரிக்கிறார். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. முன்னோடி என்றே வைத்துக்கொள்வோம், அவருக்கும் அது பிடிக்கும். வளைந்து நெளிந்து போகும் தெருவில் ஆட்டோ ஓட்டும் விளையாட்டு ஒன்று செய்தோம். பள்ளம் வரும், மாடு வரும், தப்பிக்க வேண்டும். யோசனை முன்னோடியுடையது. அதை மறுக்கவில்லை. மெனு எழுதினார், படம் வரைகிறவரோடு உட்கார்ந்தார், வாங்குகிறவர்களிடம் போய்ப் பேசினார். நன்றாகவே பேசினார்.

ஆனால் தெரு வளையவில்லை. அந்தக் கால ஃபோனுக்குத் தசமக் கணக்குத் தெரியாது. ஒவ்வொரு வளைவுக்கும் அது கணக்குப் போட்டு முடிப்பதற்குள் ஆட்டோ திக்கித் திக்கி நின்றது. ஒரு மாதம் எல்லோரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். ஒரு நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, கீழே பேக்கரியில் வாங்கிய காரா பன்னைக் கடித்துக்கொண்டே அக்கா சொன்னாள்:

"ஃபோனை எதுக்குடி கணக்குப் போடச் சொல்றோம்? நாமளே போட்டுக் குடுத்துட்டா?"

வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்த பிள்ளை விரல் விட்டு எண்ணாது அல்லவா, அதுபோல. எல்லா வளைவுக்குமான எண்களையும் முன்கூட்டியே கணக்கிட்டு ஒரு பட்டியலாக எழுதி உள்ளே வைத்தாள். ஃபோன் அதைப் பார்த்துச் சொன்னால் போதும். தெரு வழுக்கிக்கொண்டு ஓடியது. நாங்கள் கத்தியதில் கீழேயிருந்து பேக்கரிக்காரர் மேலே ஏறி வந்து, "ஏனாய்து?" என்று, என்ன ஆச்சோ என்று பயந்துபோய்க் கன்னடத்தில் கேட்டார். அவர் கையிலும் ஃபோனைக் கொடுத்து ஆட்டோ ஓட்டச் சொன்னோம்.

இந்தப் பட்டியல் யோசனைதான் முன்னோடியின் புகழுக்கு அஸ்திவாரம். பேட்டிக்குப் பேட்டி சொல்கிறார். அவருக்கு நள்ளிரவில் உதித்ததாம். மொட்டை மாடியில் நடந்துகொண்டிருந்தாராம். எந்த மொட்டை மாடி? அந்தக் கட்டடத்தில் மாடிக்குப் போகும் கதவின் சாவி வீட்டுக்காரரிடம் இருந்தது, அவர் யாருக்கும் தந்ததே இல்லை.

இதையெல்லாம் மனதுக்குள் திட்டிக்கொண்டு இன்னும் இருபது வருடம் ஓட்டியிருப்பேன். ஒரு செவ்வாய்க்கிழமை அக்கா ஃபோன் செய்தாள்.

அவள் இடையில் அம்மாவின் உடம்புக்காக வேலையை விட்டாள். பிறகு வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். வருடா வருடம் ஆறாம் வகுப்புக்குக் கீபோர்டு எது, மவுஸ் எது என்று சொல்லிக்கொடுத்துச் சலித்துப்போயிருந்தாள். ஒரு கல்லூரியில் கேம் எழுதக் கற்றுத்தரும் படிப்பைப் புதிதாகத் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்திருக்கிறாள். கூப்பிட்டிருக்கிறார்கள்.

"என்னா கேம் பண்ணீங்கன்னு கேட்டாங்க. ஆட்டோ கேம்ல ரோடு நான் எழுதனதுன்னு சொன்னேன். அதுல ஒருத்தன் அங்கியே ஃபோன்ல தேடி, ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பிக் காட்டறான். மேம், இதுல அவர் பேர் மட்டும்தானே இருக்குன்றான்."

"நீ என்னா சொன்னே?"

"என்னாத்த சொல்றது? சிரிச்சாங்கடி. மரியாதையாத்தான் சிரிச்சாங்க. அதான் ஜாஸ்தி எரியுது. திங்கக்கிழமைக்குள்ள ப்ரூஃப் எதனா இருந்தா அனுப்புங்கன்னாங்க. உன்னாண்ட பழசு எதனா கீதா?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. பொய் சொல்லி வேலை கேட்க வந்தவள் என்று அவளைப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். அவள் எழுதிய தெருவில் விளையாடி வளர்ந்த பயல்களாகத்தான் இருப்பார்கள். நான் தேடி எடுக்கிறேன் என்று சொன்னேன். சொன்ன வேகத்தில் மேசையைத் தட்டியதில் டீ கவிழ்ந்தது.

இதில் இன்னொன்றும் சேர்ந்தது. அந்த ஆட்டோ விளையாட்டின் உரிமையை எங்கள் கம்பெனி வாங்கி, புதுப் பொலிவோடு வெளியிடத் தயாராகிக்கொண்டிருந்தது. அதையொட்டி வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் அரங்கில் ஒரு நிகழ்ச்சி. முன்னோடிகளை ஒப்பிடும் உரையாடல். சுவரில் இருப்பவரே நேரில் வருகிறார். கேள்வி கேட்க என்னை உட்கார வைத்திருந்தார்கள், அவரோடு வேலை செய்தவள் என்ற தகுதியில். மறுவெளியீட்டில் அக்காவின் பெயரைச் சேர்க்க முடியுமா என்று அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டேன்.

"ஒரிஜினல் அபௌட் ஸ்க்ரீன்ல இருந்த பேர் மட்டும்தான் மேம் போட முடியும். லீகல்ல ஸ்ட்ரிக்ட்டா சொல்லிட்டாங்க."

அபௌட் திரை என்பது விளையாட்டைச் செய்தவர்களின் பெயர் வரும் திரை. அதில் அக்கா பெயர் இருந்தது. நன்றாக ஞாபகம் இருந்தது. முன்னோடிதான் பிறகு தூக்கியிருக்க வேண்டும் என்று அந்த நிமிடமே முடிவுகட்டினேன். அவரைத் தவிர வேறு யாருக்கு அதனால் லாபம்?

புதன்கிழமை லீவு போட்டுவிட்டுத் தங்கவயலுக்கு ரயிலேறினேன். பழைய சிடிகள் எல்லாம் எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் கிடந்தன, அப்பாவின் சுரங்கத்து வில்லையும் பிஎஃப் காகிதங்களும் இருந்த அதே தட்டில். எங்கள் ஊரில் சுரங்கக் குழிகளுக்கு வெள்ளைக்கார அதிகாரிகளின் பெயர்தான். அப்பா அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைச் சுளிப்பார். "இவன் எத்தினி அடி தோண்டனான்னு கேளு," என்பார். அவருடைய பித்தளை வில்லையில் ஒரு எண் மட்டும்தான் இருக்கும். முன்கோபம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. அன்றைக்கு அந்த வில்லையைக் கையில் எடுத்துப் பார்த்தபோது, அப்பாவுக்கும் சேர்த்து ஒருவனைக் கேட்கப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சிடி ஓடியது. முதல் பதிப்பைத் திறந்தேன். அபௌட் திரையில் அக்கா பெயர், தெருவை எழுதியவர் என்று ஒரு தனி வரியில். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த பதிப்பைத் திறந்தேன். வரி இல்லை. யார் எடுத்தது என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே விளையாட்டை நூற்றுக்கும் மேற்பட்ட ஃபோன் மாடல்களுக்குப் பொருத்த வேண்டும். சில ஃபோன்கள் அறுபத்து நான்கு கிலோபைட்டுக்கு மேல் ஒரு பைட் கூடினாலும் ஃபைலை உள்ளே விடாது. ஓர் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். அதனால் எங்கே எதை வெட்டினாலும், எதை வெட்டினோம், எவ்வளவு மிச்சம் என்று வெட்டுப் பட்டியல் என்ற சின்ன ஃபைலில் எழுதி, கீழே இனிஷியல் போட வேண்டும். அந்தப் பட்டியலைத் திறந்தேன்.

அபௌட் திரை, இரண்டாம் வரி நீக்கம், முப்பத்தெட்டு பைட் மிச்சம். கீழே என் இனிஷியல்.

அப்போதுதான் முழுவதும் ஞாபகம் வந்தது. பொருத்தும் வேலை என்னுடையது. ஒரு ஃபோனில் மட்டும் முப்பது பைட் கூடுதலாக நின்றது. சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். படங்களில் குறைத்தாயிற்று, சத்தத்தில் குறைத்தாயிற்று. முன்னோடியின் பெயர் தலைப்புப் படத்திலேயே வரையப்பட்டிருந்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் படம் வரைகிறவர் வேண்டும், அவர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தார். அக்காவின் பெயர் வெறும் எழுத்தாக இருந்தது. வெட்ட எளிது. அக்கா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, உன் பேரை எடுக்கறேன். அடுத்த வெர்ஷன்ல போட்டுக்கலாம்."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "ம்" என்றாள்.

அடுத்த வெர்ஷனில் நான் போடவில்லை. அந்த வெட்டிய ஃபைல்தான் எல்லாவற்றிலும் சிறியது, எந்த ஃபோனிலும் இறங்கும் என்பதால் அதையே மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லா மாடல்களுக்கும் பொருத்தினேன். முழு மூலத்தை மூலையில் போட்டுவிட்டு, வெட்டியதை மூலமாக்குவது எங்கள் தொழிலில் சோம்பேறிகள் செய்யும் காரியம். ஒரு ஃபோனுக்காக அழித்த பெயர் நூறு ஃபோனிலும் இல்லாமல் போனது.

இப்போது யாரைத் திட்டுவது? பீரோவின் முன் தரையில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டேன். அதற்கு அப்புறம் நான் செய்ததுதான் அதைவிட மோசம்.

அக்காவுக்கு ஃபோன் செய்து கிடைத்துவிட்டது என்றேன். மறுமுனையில் அவள் மூச்சு விட்டது கேட்டது.

"இன்னிக்கே அனுப்பிடேன்டி. நான் அவங்களுக்கு உடனே போட்டுடறேன்."

"சும்னே அனுப்பினா எவன்க்கா பாப்பான்? வெள்ளிக்கெழமை அவர் வர்றார். எல்லார் முன்னாலயும் ஸ்க்ரீன்ல போட்டுக் காட்டறேன். வீடியோ எடுப்பாங்க. அந்த வீடியோவோட அனுப்பு, வாயை மூடிட்டு வேலை குடுப்பான்."

"திங்கக்கிழமை வரைக்கும்தான்டி டைம்."

"வெள்ளிக்கெழமைதானேக்கா. ரெண்டு நாள்."

"ம்," என்றாள்.

அவர் முகம் மேடையில் வெளிறுவதைப் பார்க்க வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது. அது பாதி உண்மை. மீதிப் பாதி, சிடியை அப்படியே அனுப்பினால் வெட்டுப் பட்டியலும் கூடவே போகும். வெள்ளிக்கிழமைக்குள் முதல் பதிப்பை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்து, என் இனிஷியல் இல்லாமல் சுத்தம் செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். செய்தும் முடித்தேன். அடுத்தவர் புகழைத் திருடினார் என்று ஒருவரைத் தூக்கில் போடத் தயாராகிக்கொண்டே, என் கையெழுத்தை அழித்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. முன்னோடி நரைத்திருந்தார், ஆனால் சிரிப்பு அதே சிரிப்பு. சுவரில் உள்ள மற்ற மூவரோடு அவரை ஒப்பிட்டுக் கேள்விகள் வந்தன. அவர் அடக்கமாக, "அய்யோ, அவங்கெல்லாம் ஜயண்ட்ஸ்" என்றார். அந்த அடக்கத்துக்கும் கை தட்டினார்கள். பிறகு நள்ளிரவு, மொட்டை மாடி, பட்டியல். நான் காத்திருந்தது அதற்குத்தான். பேச்சை நிறுத்தி, பெரிய திரையில் முதல் பதிப்பின் அபௌட் பக்கத்தைப் போட்டேன்.

"இந்தப் பேர் ஞாபகம் இருக்கா சார்?" என்றேன்.

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு திரையைப் பார்த்தார். வெளிறவில்லை. உண்மையாகவே யோசித்தார். பிறகு அவருடைய முகம் மலர்ந்தது.

"அட, ஆமா! அந்த டேபிள் போடற ஐடியா அவங்கதான் முதல்ல சொன்னாங்க இல்ல? சொல்லிச் சொல்லி எனக்கே நான்தான்னு ஆயிடுச்சு. ஸாரி, ரியலி." கொஞ்சம் நிறுத்தி, சாதாரணமாகக் கேட்டார். "ஆனா இந்த வரி ரிலீஸ்ல இல்லையே. யாரு எடுத்தாங்க?"

அவர் பொறி வைக்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்; யாரிடமும் ஆதாரம் இல்லை, நானே அழித்தாயிற்று.

"நான்தான் எடுத்தேன்," என்றேன். "முப்பத்தெட்டு பைட்டுக்காக."

முன் வரிசையில் யாரோ ஒரு பயல் சிரித்தான். அவன் பையில் இருந்த ஃபோனில் ஒரு போட்டோவுக்குள் அந்த ஆட்டோ விளையாட்டை ஐம்பது முறை போட்டு அடைக்கலாம். எனக்கு அவனை அறைய வேண்டும்போல் இருந்தது. முன்னோடி மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு என்னிடம் மெதுவாக, "அப்ப என்னை மட்டும் ஏன் இப்படிக் கேட்டீங்க?" என்றார்.

"நான் வெட்டினது ஒரு வரி சார். அந்த இடத்துல வந்து உக்காந்தது நீங்க," என்றேன். சொன்னது சரிதான். ஆனால் சொல்ல வேண்டிய ஆள் நான் இல்லை என்பது எனக்கும் தெரிந்தது, அவருக்கும் தெரிந்தது.

மறுவெளியீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெண் ஓடி வந்து, முதல் பதிப்பில் இருப்பதால் பெயரைச் சேர்த்துவிடலாம், லீகலில் அவளே பேசுகிறாள் என்றாள். சாயங்காலமே வீடியோவை அக்காவுக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. சனிக்கிழமை காலை அவளே, தொம்மலூர் பேக்கரிக்கு வா என்று செய்தி அனுப்பினாள். மேலே எங்கள் ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் பிஜி. பால்கனியில் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"பேர் போடறாங்கக்கா. இனிமே எவனும் கேக்க முடியாது," என்றேன்.

"சந்தோஷம்," என்றாள். டீயை ஒரு வாய் குடித்தாள். "வேலையை வேற ஒருத்தனுக்குக் குடுத்துட்டாங்க. நேத்து காலைலயே. திங்கக்கிழமைன்னுதானே சொன்னீங்கன்னு கேட்டேன். புதன்கிழமை வரைக்கும் உங்க மெயிலைப் பாத்துட்டு இருந்தோம், வர்ற மாதிரி தெரியல மேம்ன்னாங்க."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்தக் கல்லூரியை, தேதி சொல்லிவிட்டு மாற்றியவர்களை, ஃபோன் திரையைத் திருப்பிக் காட்டியவனை, சுவரில் சிரிக்கிறவரை, எல்லோரையும் வரிசையாகத் திட்டினேன். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா குறுக்கிடாமல் டீயைக் குடித்து முடித்தாள். எனக்கு மூச்சு வாங்கியபோது கிளாஸைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆள் மேல எனக்குக் கோவமே இல்லடி. அவர் என்னிக்கும் மெனுகிட்ட உக்காந்துனு இருந்தவரு. என் பக்கத்துல உக்காந்திருந்தவ நீ."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அன்னிக்கு அடுத்த வெர்ஷன்னே. நானும் சரின்னேன். புதன்கிழமை ரெண்டு நாள்னே. அதுக்கும் சரின்னேன். இனிமே எங்கிட்ட அப்பிடிச் சொல்லாதே."

பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். தட்டில் அவளுடைய காரா பன்னில் பாதி இருந்தது. பழைய பழக்கத்தில் அதை என் பக்கம் தள்ளப் போனவள், கையை எடுத்துக்கொண்டு, கடைக்காரரிடம் ஒரு காகிதம் கேட்டு, பாதி பன்னை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.